பிராட்வே ஸ்டேஜ்ஹேண்ட் ஸ்ட்ரைக், 2007: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூனியன், ஸ்ட்ரைக்னு எங்க பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் இந்தக் கதையை எடுத்து விடுவாங்க, "மேல தூக்குறதுக்கு செட்டே இல்லாத நாடகத்துக்கும் தூக்குறவனுக்கு சம்பளம் குடுக்கணுமாம் சார், நியூயார்க்ல"ன்னு. பாதி நிஜம், பாதி கண்ணு காது மூக்கு வெச்சது. ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் பிராட்வேல, அதாவது நியூயார்க்கோட பெரிய நாடகத் தியேட்டர்கள்ல, மேடைக்குப் பின்னாடி வேலை பாக்குறவங்க 2007ல பண்ணின ஸ்ட்ரைக்கைப் பத்திக் கேக்குற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல போட்டு வெச்சுட்டேன்.

என்னதான் நடந்துச்சு, சுருக்கமா சொல்லுங்க?

2007 நவம்பர் 10, சனிக்கிழமை காலைல, செயின்ட் ஜேம்ஸ் தியேட்டர்ல "கிரிஞ்ச்" மியூசிக்கல், 11 மணி ஷோ. குழந்தைங்க பாக்குற நாடகம், அதனால வாசல்ல பூரா அம்மா அப்பா, ஸ்ட்ரோலர், கையில பொம்மை. அங்கதான் முதல்ல வேலையை நிறுத்தினாங்க, குழந்தைங்க எல்லாம் வாசலோட திரும்பிப் போச்சுங்க, டிவிக்காரங்களுக்கு இதைவிட நல்ல படம் கெடைக்குமா. அன்னைக்கு மதியத்துக்குள்ள ரெண்டு டஜனுக்கு மேல ஷோ நின்னு போச்சு. மொத்தம் 19 நாள். நவம்பர் 28 ராத்திரி ஒப்பந்தம் ஆச்சு, 29ஆம் தேதி திரை ஏறுச்சு. நடுவுல தேங்க்ஸ்கிவிங் வாரம் வேற, பிராட்வேக்கு அது வருஷத்துலயே பெரிய வசூல் வாரங்கள்ல ஒண்ணு. நம்ம சினிமாக்காரங்களுக்கு தீபாவளி ரிலீஸ் போனா எப்படி இருக்கும், அப்படி.

ஒரு பக்கம் லோக்கல் ஒன், அதாவது ஐயாட்ஸிங்கிற பெரிய மேடை, சினிமாத் தொழிலாளர் யூனியனோட நியூயார்க் கிளை. 1886ல ஆரம்பிச்சது, கிளைன்னு சொல்றோமே தவிர தாய் யூனியனே 1893லதான் பொறந்துச்சு, அதனால இவங்க தாத்தா மாதிரி. இன்னொரு பக்கம் தியேட்டர் ஓனர்களும் ப்ரொட்யூசர்களும் சேர்ந்த சங்கம், எல்லாரும் லீக்னு சொல்லுவாங்க. யூனியன் தலைவர் ஜேம்ஸ் கிளாஃபி, லீக் பக்கம் பேசினது ஷார்லட் செயின்ட் மார்ட்டின். பழைய கான்ட்ராக்ட் ஜூலை மாசக் கடைசியிலயே முடிஞ்சு போய், மூணு மாசம் பேசிப் பேசிப் பாத்துட்டுத்தான் இது வெடிச்சுது.

ஸ்டேஜ்ஹேண்ட்னா யாரு? திரை இழுக்கிறவங்களா?

திரை இழுக்கிறதும் அவங்கதான், ஆனா அதோட நிக்கல. கார்பென்டர், எலெக்ட்ரிஷியன், ப்ராப்ஸ், சவுண்டுன்னு டிபார்ட்மென்ட் இருக்கு. செட்டை லாரியிலேருந்து எறக்கி, மேடையில நிக்க வெச்சு, நூத்துக்கணக்குல லைட் மாட்டி, ஷோ நடக்கும்போது இருட்டுல ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒண்ணைத் தள்ளி ஒண்ணை இழுத்து, கடைசில நாடகம் ஊத்தி மூடிக்கிட்டா அதே செட்டைப் பிரிச்சு லாரியில ஏத்தி விடுறவங்களும் இவங்கதான்.

நம்ம கம்பெனி நாடகத்துல சீன் படுதா தூக்குறவங்களை நினைச்சுக்கோங்க, ஆர்.எஸ்.மனோகர் நாடகத்துல வர்ற தந்திரக் காட்சி எல்லாம் யாரோ பின்னாடி நின்னு பண்ணாத்தானே நடக்கும், அந்த யாரோதான் இவங்க.

சரி, சண்டை எதைப் பத்தி? சம்பளமா?

ஆச்சரியம் என்னன்னா, முக்கியமா சம்பளம் இல்ல. சம்பள உயர்வு தர்றதுல முதலாளிகளுக்குப் பெரிய பிரச்சனை இல்ல, ஆனா பதிலுக்கு வேலை விதிகளை மாத்துங்கன்னாங்க. எத்தனை பேரைக் கூப்பிடணும், குறைஞ்சது எத்தனை மணி நேரத்துக்குக் காசு, யார் எந்த வேலையைத் தொடலாம், எதுக்கு மேல போனா ஓவர்டைம், இதெல்லாம் பல வருஷ கான்ட்ராக்ட்ல சேர்ந்து சேர்ந்து வந்த விதிகள்.

இதுல பெரிசு லோட்-இன். புது நாடகம் தியேட்டருக்குள்ள நுழையிற அந்த சில வாரம். பழைய விதிப்படி, லோட்-இன்னுக்கு இத்தனை பேருன்னு ஆரம்பத்துல ஒரு எண்ணிக்கை வெச்சுட்டா, லோட்-இன் முடியிற வரைக்கும் தினமும் அத்தனை பேரும் வரணும். முதல் ரெண்டு நாள் லாரி லாரியா எறங்கும்போது 30, 35 பேர் தேவைதான். மூணாவது வாரம் ஒரு மூலையில பெயின்ட் காயுது, இன்னொரு மூலையில கம்ப்யூட்டர் புரோகிராம் போடுறாங்க, அப்பவும் அதே 35 பேர். முதலாளிங்க கேட்டது, அன்னைக்கு எத்தனை பேர் வேணுமோ அத்தனை பேரை மட்டும் கூப்பிடுற உரிமை. யூனியன் சொன்னது, நீங்க கேக்குறதை எல்லாம் கூட்டிப் பாத்தா எங்க வேலையிலயும் வருமானத்துலயும் 38 சதவீதம் போயிடும், அதுக்கு ஈடா என்ன தர்றீங்க?

இன்னொண்ணு ஷோவுக்கு முன்னாடி பின்னாடி வர்ற சில்லறை வேலைக. தனியா ஒரு வேலைக்குக் கூப்பிட்டா குறைஞ்சது நாலு மணி நேரக் காசு. ஷோவோட ஒட்டி ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லலாம், ஆனா அந்த ஒரு மணி நேரத்துல இன்னின்ன வேலைதான்னு வரைமுறை. இதைத் தளர்த்துங்கன்னு கேட்டாங்க. கேக்க சின்ன விஷயமா இருக்கு, ஆனா வாரத்துக்கு எட்டு ஷோ, வருஷம் பூரா, எல்லாத் தியேட்டர்லயும்னு பெருக்கிப் பாருங்க.

மேல பறக்குற செட்டே இல்லாத நாடகத்துக்கு எதுக்கு ஃப்ளைமேன்?

இந்த ஒண்ணைத்தான் முதலாளிங்க பேப்பர்ல, டிவில, விளம்பரத்துல எல்லாம் அடிச்சு அடிச்சுச் சொன்னாங்க, பாவம் அவங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கெடைக்கல. ஃப்ளைமேன்னா மேடைக்கு மேல தொங்குற பைப்பை ஏத்தி எறக்குறவர். அந்த நாடகத்துல ஏத்தி எறக்க ஒண்ணுமே இல்லேன்னாலும் ஒருத்தர் இருக்கணும்னு விதி.

என் கருத்தைக் கேட்டா, இந்த விதியை அப்படியே நியாயப்படுத்த முடியாது. யூனியன் ஆதரவாளர் சிலர் "பத்திரத்துக்காக"ன்னு சொல்லி சமாளிப்பாங்க, எனக்கு அது ஒட்டல. ஒண்ணும் நகராத எடத்துல என்ன பத்திரம்? ஆனா விதி எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்கணும். முன்னாடி ஒரு கான்ட்ராக்ட்ல எதையோ விட்டுக் குடுத்து இதை வாங்கியிருப்பாங்க, விதி எல்லாம் அப்படித்தான் சேருது, ஒண்ணு கொடு ஒண்ணு எடுன்னு. இப்ப வந்து "இது முட்டாள்தனம், சும்மா எடுத்துடு"ன்னா, அன்னைக்கு அதுக்காக விட்டுக் குடுத்தவன் கேக்க மாட்டானா, அப்ப என்னோடதைத் திருப்பிக் குடுன்னு? 2007ல யூனியன் வாதமே இதுதான். விதி புனிதமானதுன்னு அவங்க சொல்லல. விக்கிறோம், விலை சொல்லுன்னாங்க.

பத்திரம், பத்திரம்னு சொல்றதெல்லாம் வெறும் சாக்குதானே?

ஃப்ளைமேன் விஷயத்துல சாக்குதான், மத்த எடத்துல இல்ல. 2005 ஜனவரில "விக்கெட்" நாடகத்துல இடினா மென்ஸல், கடைசி ஷோவுக்கு முந்தின நாள், மேடைல இருக்குற கதவுப் பள்ளத்துல விழுந்து விலா எலும்புல விரிசல். 2010 டிசம்பர்ல "ஸ்பைடர்மேன்" நாடகத்துல ஒரு ஸ்டண்ட் நடிகர் சுமார் 30 அடி கீழ விழுந்தாரு, உடம்புல கட்டுற கயிறோட இன்னொரு முனை மாட்டாம இருந்துச்சு. ஒரு கொக்கிதான், அதை மாட்ட எத்தனை செகண்ட் ஆகும்?

எதிர்எடை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா இன்னும் புரியும். மேடைக்கு மேல ஒரு நீளப் பைப், அதுல 200 கிலோ செட் தொங்குதுன்னு வைங்க. சுவரோரமா கயிறோட அந்தப் பக்கம் ஒரு கூண்டு, அதுல இரும்புக் கட்டிகளை அடுக்கி அதே 200 கிலோ. தராசு மாதிரி சமமா நிக்கும், ஒருத்தர் ஒரு கையால இழுத்தாலே செட் மேல போயிடும். பைப் கீழ இருக்கும்போது கூண்டு உச்சாணில இருக்கும். இப்ப செட்டைக் கழட்டணும். தெரியாதவன் என்ன பண்ணுவான், கைக்கு எட்டுற செட்டை முதல்ல கழட்டுவான். கழட்டின அடுத்த நொடி பைப்புல எடையே இல்ல, மேல கூண்டுல 200 கிலோ இரும்பு. அது கீழ வர்ற வேகத்துல பிரேக் எல்லாம் நிக்காது, கயித்தைப் பிடிச்சவனை மேல தூக்கிடும், இல்ல கூண்டு தரையில அடிச்சு இரும்புக் கட்டி நாலா பக்கமும் தெறிக்கும். அதனால மாட்டும்போது முதல்ல செட், அப்புறம் எடை, கழட்டும்போது முதல்ல எடை, அப்புறம் செட். கேக்க ரெண்டே வரி. ராத்திரி 1 மணிக்கு, 16 மணி நேரம் வேலை பாத்த பிறகு, நாலு பேர் செய்ய வேண்டியதை ரெண்டு பேர் செய்யும்போதும் அந்த ரெண்டு வரி ஞாபகம் இருக்கணும். ஆள் எண்ணிக்கைக்கும் ஓவர்டைம் விலைக்கும் விதி இருக்குறது இதுக்குத்தான்.

இது கேரளாவுல நோக்குகூலி மாதிரிதானே?

எப்படியும் யாராவது இதைக் கேப்பாங்க. இல்ல. நோக்குகூலில நீங்க உங்க ஆளை வெச்சு சாமான் எறக்குவீங்க, அவங்க தள்ளி நின்னு பாத்துட்டு காசு கேப்பாங்க, ஒப்பந்தமும் இருக்காது கையெழுத்தும் இருக்காது. அதை 2018 மே 1லேருந்து கேரள அரசே தடை பண்ணிடுச்சு. பிராட்வேல ரெண்டு பக்கமும் வக்கீலை வெச்சுப் பேசி, படிச்சுப் பாத்து, கையெழுத்து போட்ட கான்ட்ராக்ட். அதுல முட்டாள்தனமான வரி ஒண்ணு இருந்தா அதுக்குக் கையெழுத்து போட்டதுல முதலாளிக்கும் பாதிப் பங்கு.

ஆனா தூரத்துலேருந்து பாக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்ங்கிறதையும் ஒத்துக்கணும், ஜனங்க மத்தியில யூனியன் தோத்தது அந்த எடத்துலதான்.

வேலை செய்யாதவனுக்குக் காசு கேக்குறதை அமெரிக்கச் சட்டம் தடை பண்ணலையா?

பண்ணியிருக்கு, கேட்டா சிரிப்பீங்க. 1947ல டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்துல ஒரு பிரிவு சேத்தாங்க, செய்யாத வேலைக்கும் செய்யப் போறதில்லாத வேலைக்கும் யூனியன் காசு கேக்கக் கூடாதுன்னு. ரெண்டு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1953ல ஒரே நாள்ல தீர்ப்பு வந்துச்சு.

ஒண்ணு ஒஹையோ மாநிலத்துல ஏக்ரன்ங்கிற ஊர், பேலஸ் தியேட்டர். வெளியூர் பேண்டு வந்து வாசிச்சா உள்ளூர் வாத்தியக்காரங்களுக்கும் வேலை குடுக்கணும்னு உள்ளூர் யூனியன் கேட்டுது. தியேட்டர்காரர் எனக்கு நீங்க தேவையே இல்லைங்கிறாரு. கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, இவங்க வாசிக்கிறேன்னு நிஜமாவே முன்வர்றாங்க, வேணுமா வேண்டாமான்னு நீங்களே பேசித் தீத்துக்கோங்க, சட்ட மீறல் இல்லை. இன்னொண்ணு பத்திரிகை ஆபீஸ்ல அச்சுக் கோக்குறவங்க கேஸ். ரெடிமேடா வந்த விளம்பரத்தை மறுபடி ஒரு தடவை எழுத்துக் கோத்து, உடனே உருக்கிப் போட்டுடுவாங்க, அதுக்கும் கூலி. அதுவும் வேலைதான்னு கோர்ட் சொல்லிடுச்சு! அதுக்கப்புறம் அந்தப் பிரிவுக்குப் பல்லே இல்ல. ஃப்ளைமேன் தியேட்டருக்கு வர்றாரு, வேலை குடுத்தா செய்யத் தயாரா உக்காந்திருக்காரு, அவ்வளவு போதும்.

அப்ப முதலாளிங்க பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கு, கொஞ்சம் இல்ல நிறையவே. பிராட்வேல அஞ்சு நாடகத்துல ஒண்ணுதான் போட்ட காசை எடுக்கும்னு தொழில்ல இருக்குறவங்க சொல்ற கணக்கு. அந்த நாலுல பணம் போட்டவன் கதி என்ன? லோட்-இன் செலவு டிக்கெட் ஒண்ணுகூட விக்கிறதுக்கு முன்னாடி ஆகுற செலவு, அதனால சின்ன ப்ரொட்யூசர் அங்கயே பாதி மூச்சு விட்டுடுவான். ரெண்டு நடிகர், ஒரு மேஜை, நாலு நாற்காலின்னு நல்ல நாடகம் ஒண்ணு வந்தா அதுக்கும் பெரிய மியூசிக்கலுக்கும் ஒரே மாதிரி விதிங்கிறது சரியா? எனக்கு சரின்னு தோணல.

ஆனா மேஜைல உக்காந்து பேசினது அந்த சின்ன ப்ரொட்யூசர் மட்டும் இல்ல. ஷூபர்ட், நெடர்லேண்டர், ஜூஜம்சின்னு மூணு குழுமம், பிராட்வே தியேட்டர்ல முக்கால்வாசி அப்ப அவங்க கையில. நாடகம் ஜெயிச்சாலும் தோத்தாலும் வாடகை வாங்குறவங்க. 2006-07 சீசன்ல பிராட்வே மொத்த வசூல் சுமார் 94 கோடி டாலர், டிக்கெட் வாங்கினவங்க ஒண்ணேகால் கோடிக்குக் கிட்ட. "தொழில் நசிஞ்சு போச்சு, காப்பாத்துங்க"ன்னு அழ அது சரியான வருஷம் இல்ல.

ஒரு ஸ்டேஜ்ஹேண்டுக்கு வருஷம் ஒன்றரை லட்சம் டாலராமே?

லீக் சொன்ன சராசரிக் கணக்கு அது, சம்பளத்தோட மெடிக்கல், பென்ஷன் எல்லாம் சேத்து. நல்லா ஓடுற நாடகத்துல வருஷம் பூரா இருக்குறவருக்கு அது பொய்யில்ல. ஆனா ஸ்டேஜ்ஹேண்டுக்கு வேலை நாடகத்தோடதான், ஞாயித்துக்கிழமை மூடறோம்னு நோட்டீஸ் ஒட்டினா திங்கக்கிழமை வேலை இல்ல. மூணு வருஷம் ஓடுற நாடகத்துல மாட்டினவனும், மூணு வாரத்துல மூடினதுல மாட்டினவனும் சராசரியில ஒண்ணாயிடுவாங்க. லோட்-இன்னுக்கு மட்டும் கூப்பிடுற ஆளுக்கு அந்தச் சில வாரக் காசுதான் அடுத்த வேலைக்குக் கூப்பிடுற வரைக்கும். லோட்-இன் எண்ணிக்கை மேல யூனியன் அவ்வளவு பிடிவாதம் பிடிச்சதுக்கு இதுதான் உள் காரணம்னு நான் நினைக்கிறேன், ஆனா அதை வெளிப்படையா சொல்ல அவங்களுக்குக் கூச்சம், "எங்களுக்கு வேலை நிலையில்ல, அதனால கிடைக்கிறப்ப கூடக் கிடைக்கணும்"னு நேரா சொல்லியிருந்தா ஜனங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அதுக்குப் பதிலா மரியாதை, கௌரவம்னு பேசினாங்க.

இவங்க விதியாலதானே டிக்கெட் விலை ஏறுது?

இதுல மட்டும் எனக்குச் சந்தேகமே இல்ல, இல்ல. விலை ஏறுறது கூட்டம் வாங்கத் தயாரா இருக்குறதால. 2001 அக்டோபர்ல "தி ப்ரொட்யூசர்ஸ்" நாடகத்துக்கு நல்ல சீட்டைத் தனியா எடுத்து வெச்சு 480 டாலர்னு வித்தாங்க, பிளாக்ல விக்கிறவன் சம்பாதிக்கிறதை நாமளே சம்பாதிச்சா என்னன்னு. அந்த ஐடியா பிடிச்சுக்கிச்சு. 2007ல "யங் ஃபிராங்கன்ஸ்டைன்" 450 டாலர் சீட்டு வெச்சுது. அந்த நாடகத்துலயும் அதே யூனியன்தான், ஃப்ளைமேன் காசு குறைஞ்சா 450 டாலர் 440 ஆகியிருக்குமா? மிச்சம் ஆகுற காசு யார் பாக்கெட்டுக்குப் போகணும்ங்கிறதுதான் சண்டையே.

நடிகருங்க ஏன் உள்ள போகல? வெளியாளுங்களை வெச்சு ஓட்டியிருக்கலாமே?

நடிகர் சங்கமான ஈக்விட்டி, பிக்கெட் லைனை, அதாவது ஸ்ட்ரைக் பண்றவங்க வாசல்ல நிக்கிற வரிசையை, தாண்ட மாட்டோம்னு சொல்லிடுச்சு, வாத்தியக்காரங்களும்தான். இதுக்குப் பின்னாடி பழைய கணக்கு இருக்கு. 1919 ஆகஸ்ட்ல நடிகருங்க முதல் தடவையா ஸ்ட்ரைக் பண்ணினப்போ, ஸ்டேஜ்ஹேண்டுங்க அவங்களோட சேர்ந்து எறங்கினதாலதான் தியேட்டர் நெஜமாவே இருட்டாச்சு, ஒரு மாசத்துல செப்டம்பர் 6ல ஈக்விட்டிக்கு அங்கீகாரம் கெடைச்சுது. 2003 மார்ச்ல வாத்தியக்காரங்க நாலு நாள் ஸ்ட்ரைக், ஒவ்வொரு தியேட்டர்லயும் குறைஞ்சது இத்தனை பேர் வாசிக்கணும்ங்கிற விதிக்காக. முதலாளிங்க கம்ப்யூட்டர் ஆர்கெஸ்ட்ராவை வெச்சு ஓட்டிடலாம்னு ரிகர்சல் எல்லாம் பாத்து வெச்சிருந்தாங்க. நடிகரும் ஸ்டேஜ்ஹேண்டும் உள்ள வர மாட்டோம்னதும் கம்ப்யூட்டர் யாருக்கு வாசிக்கும்? கடைசில பெரிய தியேட்டருக்கு 24, 26ன்னு இருந்தது 18, 19க்கு எறங்குச்சு. இதைப் பாத்துட்டுதான் ஸ்டேஜ்ஹேண்டுங்களுக்கு அடுத்து நாமதான்னு பயம் வந்துச்சு.

வெளியாள் வெச்சா சட்டப்படி தப்பில்ல, அமெரிக்கால ஸ்ட்ரைக் பண்றவனுக்குப் பதிலா நிரந்தரமாவே வேற ஆளை வெச்சுக்கலாம். ஆனா ஒவ்வொரு நாடகத்துக்கும் நூத்துக்கணக்குல சிக்னல், அதை அந்த ஆளுங்களே பல வாரம் பழகினது. புது ஆளை வெச்சுக் கதவுப் பள்ளத்தைத் திறக்கச் சொன்னா, நடிகன் மேல நிக்கவே மாட்டான்.

எல்லா ஷோவும் நிக்கலையாமே, எட்டு ஓடுச்சாமே?

ஆமா. லீக் கான்ட்ராக்ட்ல இல்லாத, தனி ஒப்பந்தம் போட்டிருந்த தியேட்டர்ல எல்லாம் ஓடுச்சு. "மேரி பாப்பின்ஸ்", "யங் ஃபிராங்கன்ஸ்டைன்", "ஸனடூ", அப்புறம் ரவுண்டபவுட், லிங்கன் சென்டர் மாதிரி லாப நோக்கமில்லாத கம்பெனிங்களோட நாடகம். டிஸ்னிக்காரங்க பொழப்பு விசித்திரம்: அவங்களே நடத்துற நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டர்ல "மேரி பாப்பின்ஸ்" ஓடுது, வாடகைத் தியேட்டர்ல "லயன் கிங்" பூட்டு. நாடகம் பாக்கன்னே ஊருலேருந்து ஃப்ளைட் ஏறி வந்தவங்க எல்லாம் கிடைச்சதுல போய் உக்காந்தாங்க, ஆஃப்-பிராட்வே சின்ன தியேட்டருக்கும் நல்ல யோகம்.

"கிரிஞ்ச்" கதை தனி. அது சீசன் நாடகம், கிறிஸ்துமஸ் தாண்டினா செத்துது. எங்களுக்கு யூனியனோட தனி ஒப்பந்தம் இருக்கு, தியேட்டரைத் திறக்கச் சொல்லுங்கன்னு கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கி நவம்பர் 23ல திறந்துட்டாங்க. யூனியனும் சரின்னுதான் சொல்லியிருந்துச்சு, கதவைத் திறக்க மாட்டேன்னது தியேட்டர் ஓனர். யாரு யாரை எதிர்த்து நிக்கிறாங்கன்னே அந்த வாரம் குழப்பம்.

யார் முதல்ல ஆரம்பிச்சது?

இதுக்கு ரெண்டு பக்கமும் சத்தியம் பண்ணுவாங்க. அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் பழைய விதியே ஓடணும், பேச்சு இனிமே நகராதுங்கிற முட்டு வந்தா முதலாளி தன்னோட கடைசி ஆஃபரை அமல்படுத்தலாம். அக்டோபர் 22லேருந்து புது விதில சிலதை அமல்படுத்துறோம்னு லீக் அறிவிச்சுது. அதுக்கு முந்தின நாள் யூனியன் கூட்டத்துல ஸ்ட்ரைக்குக்கு ஒருமனதா ஓட்டு. அப்புறம் தாய் யூனியன் அனுமதி வேற வேணும், அதுக்கு இன்னும் மூணு வாரம் ஆச்சு.

லீக் இதை எதிர்பாத்துத்தான் இருந்துச்சு. விக்கிற ஒவ்வொரு டிக்கெட்லேருந்தும் சில சென்ட் ஒதுக்கி 2 கோடி டாலர் நிதி சேத்து வெச்சிருந்தாங்க. யூனியன்கிட்ட இருந்தது அதைவிட ரொம்பக் கம்மி. யோசிச்சுப் பாருங்க, டிக்கெட் வாங்கின நாமதான் அந்தச் சண்டைக்கு மொய் எழுதியிருக்கோம்.

எவ்வளவு நஷ்டம்?

நியூயார்க்குக்கு ஒரு நாளைக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர்னு லீக் சொல்லிச்சு. நகரத்தோட கணக்கு அதிகாரி ஆபீஸ் 20 லட்சம்னு சொல்லிச்சு. ஏன் எட்டு மடங்கு வித்தியாசம்? நாடகம் பாக்காதவன் அந்தக் காசைக் கிழிச்சா போடுவான், ஊருக்குள்ளயே வேற எங்கயாவது செலவு பண்ணுவான், அதைக் கழிச்சுப் பாக்கணும்ல. ஆனா 46வது தெருவுல ஷோவுக்கு முன்னாடி சாப்பிட வர்ற கூட்டத்தையே நம்பி இருக்குற ஓட்டல்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் சோறு போடாது. சீட்டு காட்டுறவங்க, டிக்கெட் கிழிக்கிறவங்க, டிரெஸ் மாட்டி விடுறவங்க, இவங்களுக்கும் 19 நாள் சம்பளம் போச்சு, இத்தனைக்கும் சண்டை அவங்களோடது இல்ல.

கடைசில யார் ஜெயிச்சா?

அஞ்சு வருஷ ஒப்பந்தம். லோட்-இன்ல தினம் குறைஞ்சது 17 பேர், அதுக்கு மேல தேவைக்கு ஏத்த மாதிரின்னு ஆச்சு, முதலாளிங்களுக்கு அது பெரிய வெற்றி. ஷோவை ஒட்டின நேரத்துலயும் கொஞ்சம் தளர்வு. பதிலுக்கு முதல்ல சொன்னதைவிட நல்ல சம்பள உயர்வு. அதாவது விதியை வித்தாங்க, விலை வாங்கினாங்க. இதையே ஆகஸ்ட்ல பேசி முடிச்சிருக்கலாமான்னு கேட்டா, 19 நாள் பூட்டிக் கெடந்த பிறகுதான் விலை என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதுன்னு நினைக்கிறேன்.

அப்ப கார்னகி ஹால்? அங்க ஸ்டேஜ்ஹேண்டுக்கு 4 லட்சம் டாலராமே?

இங்கதான் என்னோட யூனியன் பாசம் கொஞ்சம் தள்ளாடும். 2013 அக்டோபர் 2, கார்னகி ஹால்ல சீசன் தொடக்க விழாக் கச்சேரியே ரத்து, அந்த ஹால் வரலாற்றுல முதல் ஸ்ட்ரைக். அதே லோக்கல் ஒன். அங்க முழுநேர ஸ்டேஜ்ஹேண்டு அஞ்சு பேர்தான், ஓவர்டைம் சேத்து சராசரி வருமானம் 4 லட்சம் டாலருக்கு மேல. மாடில புதுசா பிள்ளைங்களுக்கு இசை சொல்லித் தர வகுப்பறைங்க கட்டினாங்க, அங்கயும் நாற்காலி மேஜை நகத்துறது எங்க வேலைதான்னு யூனியன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஸ்டாண்டை நகத்தக் கூடாதான்னு ஊரே சிரிச்சுது. ரெண்டே நாள்ல முடிஞ்சு போச்சு. மேல நான் சொன்ன நிலையில்லாத வேலைங்கிற வாதம் இங்க செல்லாது, இந்த அஞ்சு பேருக்கு வேலை நல்லா நிலையா இருந்துச்சு. யூனியன்னா எல்லா எடத்துலயும் சரி, இல்ல எல்லா எடத்துலயும் தப்புன்னு சொல்றவங்க இந்த ரெண்டு ஸ்ட்ரைக்கையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும், யூனியனும் ஒண்ணு, ஊரும் ஒண்ணு.

அதுக்கப்புறம் பிராட்வேல ஸ்ட்ரைக் வரலையா?

2023 ஜூலைல கிட்டத்தட்ட வந்துடுச்சு. டூர் போற நாடகத்துலயும் பிராட்வேலயும் வேலை பாக்குற சுமார் 1,500 பேரோட கான்ட்ராக்ட். ஓட்டு நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஒப்பந்தம் ஆகிடுச்சு. அந்தக் கோடைல ஹாலிவுட்ல எழுத்தாளரும் நடிகரும் ஏற்கனவே தெருவுல நின்னுக்கிட்டு இருந்தாங்க. 2007லயும் அப்படித்தான், பிராட்வே நிக்கிறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி நவம்பர் 5ல சினிமா டிவி எழுத்தாளர் ஸ்ட்ரைக் ஆரம்பிச்சிருந்துச்சு.

இவ்வளவு பேசுறீங்களே, நீங்க யூனியன் ஆளா?

இல்லைங்க, நான் ஐடி, ஓவர்டைம்னா என்னன்னே தெரியாத ஜாதி. நியூஜெர்சில எங்க தமிழ்ச் சங்கப் பொங்கல் நாடகத்துக்கு ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியம் எடுத்தோம். மேடைக் கயித்தை நீங்க யாரும் தொடக் கூடாது, எங்க ஆள் ஒருத்தர் வருவாரு, குறைஞ்சது நாலு மணி நேரக் காசுன்னு கண்டிஷன். எங்களுக்கு வேண்டியது ஒரு அரண்மனைப் படுதாவை ஒரு தடவை மேல தூக்கணும், அவ்வளவுதான், ஒன்றரை நிமிஷ வேலை. கமிட்டில பெரிய ரகளை, பகல் கொள்ளைன்னு நானும் கத்தினேன்.

வந்தவர் எங்க அப்பா வயசு இருக்கும், ஃபிளாஸ்க்ல காப்பியோட உக்காந்திருந்தாரு. போரடிச்சு நான் போய்ப் பேச்சுக் குடுத்தேன், அவர்தான் கூட்டிட்டுப் போய் அந்தக் கூண்டைக் காட்டி மேல சொன்னதை எல்லாம் சொன்னாரு. நாடகம் முடிஞ்சதும் எங்க பசங்க ரெண்டு பேரு படுதாவை உருவப் போய்ட்டாங்க, பைப் தரையில இருக்கு, கூண்டு உச்சில இருக்கு. அவர் அப்ப கத்தின கத்து எனக்கு இன்னும் கேக்குது. எல்லாரும் அப்படியே நின்னுட்டோம். அப்புறம் மெதுவா ஏணி ஏறிப் போயி, மேல ஒவ்வொரு இரும்புக் கட்டியா எடுத்து வெச்சு, எறங்கி வந்து, இப்ப எடுத்துக்கோங்கன்னு கையைக் காட்டினாரு.

நாலு மணி நேரக் காசை வாயைப் பொத்திட்டுக் குடுத்துட்டு வந்தோம். அடுத்த வருஷம் எங்க ட்ரெஷரர் அதே பில்லுக்கு மறுபடியும் சண்டை போட்டாரு.